இடது பக்கம் வருது

வர்ஷிக்குத் தலை நிதானமாகவே பின்னுங்கக்கா. அவசரமில்ல. வேன் இன்னும் வராது. நான் இங்க உட்கார்ந்திருக்கிற வரைக்கும் வராது.

நாற்காலி வேண்டாம், கீழேயே உட்கார்ந்துக்கிறேன், பாப்பாவை மடியில போட்டுக்க வசதி. தண்ணி மட்டும் கொடுங்க. வேகமா நடந்து வந்தேன். உங்க வீட்டுக்குள்ள இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றேன். கேட்டைத் திறந்ததும் இடது பக்கம் ரோஜாத் தொட்டி வச்சிருக்கீங்க, அழகா இருக்கு. இப்போல்லாம் எங்கே போனாலும் என் கண்ணு முதல்ல இடது பக்கம்தான் போகுது. அது ஏன்னு சொல்லத்தான் வந்தேன்.

என்னைத் தெரியும்தானே. வர்ஷியோட ஸ்கூல் வேன்காரர் வீட்டம்மா, மாரீஸ்வரி. முன் சீட்டுல பாப்பாவோட உட்கார்ந்திருப்பேனே, அவதான். தினமும் பார்த்துச் சிரிப்பீங்க, நான் குனிஞ்சுக்குவேன். கோபம், திமிர்னு நினைச்சிருப்பீங்க. அப்படியெல்லாம் இல்லக்கா. எனக்கு யார்கிட்டயும் பேசிப் பழக்கமில்ல. ஏழாவதோட நிறுத்திட்டாங்க. ரேஷன் கடையில என் முறை வந்தாக்கூட பின்னாடி நிக்கிறவங்களை முன்னாடி விட்டுட்டு நிப்பேன்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அந்த விளையாட்டைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

போன்ல பிள்ளைங்க விளையாடுற மாதிரி இல்ல, கம்ப்யூட்டர்ல. எங்க வீட்டுக்காரர் வேன் ஓட்ட வர்றதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல வேலை பார்த்தார். எல்லார் கையிலயும் போன் வந்ததும் அதை மூடிட்டாங்க. மூடும்போது கடைக்காரர் ஒரு கம்ப்யூட்டரை இவருக்கே கொடுத்துட்டார். எங்க மாமியார் அதைப் பரண்ல ஏத்தி, பழைய சேலை போட்டு மூடி வச்சிருந்தாங்க. கல்யாணமாகி வந்த புதுசுல நான் அதை டிவின்னு நினைச்சேன்.

இந்தப் பொங்கலுக்கு ஜெபராஜ் அண்ணன் வந்தார். அவரும் அந்த சென்டரே கதின்னு கிடந்தவர்தான், இப்போ சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கார். சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டு பேருக்கும் பழைய பேச்சு. "பங்களா ஞாபகம் இருக்காடா மாப்ள?"ன்னு அவர் கேட்க, இவர் துள்ளி எழுந்துட்டார். அந்த விளையாட்டுக்கு ஏதோ இங்கிலீஷ் பேர். பெரிய பங்களா ஒண்ணுக்குள்ள நடக்கிறதால இவங்களுக்கு அது பங்களா. உடனே பரண்லேர்ந்து இறக்கித் துடைச்சு, ஜெபராஜ் அண்ணன் ஏதோ ஒயரை மாத்திவிட, கொர்ருன்னு சத்தம் போட்டு அதுக்கு உயிர் வந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஆளே இல்லக்கா. படத்துல ஆளே இல்ல. கீழே ரெண்டு கை மட்டும் இருக்கு, கையில துப்பாக்கி. கை முன்னாடி போகுது, கதவு திறக்குது, சுவர் ரெண்டு பக்கமும் நகருது. தலை எங்கே, உடம்பு எங்கேன்னு தேடுறேன். யாரோட கைன்னு கேட்டேன். என்னோடதுதான்னார். நாமதான் உள்ள நடக்கிறோம், நம்ம மூஞ்சி நமக்கு எப்படித் தெரியும்னார். உயிரோட இருக்கிற மனுஷன் தானா போய் அப்படி ஒரு இடத்துக்குள்ள நுழையலாமா? பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

அந்தக் காலத்துல இதுல இவர்தான் ராஜாவாம். எந்த மூலையிலேர்ந்து எவன் வருவான்னு மனப்பாடமாம். ஒரு அடி வாங்காம கடைசிக் கதவு வரைக்கும் போவாராம், சென்டரே இவர் பின்னாடி நின்னு பார்க்குமாம். ஜெபராஜ் அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். ஆனா அன்னைக்கு இவர் முதல் ஹாலைக்கூடத் தாண்டல. படம் முழுக்கச் சிவப்பாச்சு, செத்தாச்சுன்னு அர்த்தமாம். மறுபடி போனார், மறுபடி சிவப்பு. "வேன் ஓட்டி ஓட்டி மந்தமாயிட்டியேடா"ன்னார் அண்ணன். இவரும் சிரிச்சார். சிரிப்பு மாதிரி இல்ல.

அண்ணன் ஊருக்குப் போன பிறகுதான் தொல்லை. காலையில பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டா சாயங்காலம் வரைக்கும் இவருக்கு வேலை இல்லையே. சாப்பிட்ட கையோட போய் உட்கார்ந்துடுவார். நான் பின்னாடி பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே பார்ப்பேன். பிடிக்காது, ஆனா பார்க்காம இருக்க முடியல. தினமும் அதே ஹால், அதே இடம். இடது பக்கத் தூணுக்குப் பின்னாலேர்ந்து காக்கிச் சட்டை போட்ட ஒருத்தன் வருவான். நல்லாத் தெரியும்க்கா, நம்ம வீட்டு வாசல்ல ஆள் வர்ற மாதிரி வருவான். இவர் திரும்பவே மாட்டார். அவன் பக்கத்துல வந்து சுடுவான். சிவப்பு.

பழைய பொட்டி, இடது ஓரம் மங்கிப் போச்சுன்னார். பனியனால தேய் தேய்னு தேய்ச்சார். அப்புறம் மவுஸ் சரியில்லைன்னார். ஜெபராஜ் அண்ணனுக்குப் போன் போட்டு ஒரே புலம்பல். அவர் பாவம்னு தன்னோட லேப்டாப் ஒண்ணை பஸ்ல போட்டு அனுப்பிவிட்டார். அதே பங்களாவை இப்போ புதுசா செஞ்சு விட்டிருக்காங்களாம், அதையும் ஏத்தி அனுப்பியிருந்தார்.

பழசுல எல்லாமே கட்டம் கட்டமா இருக்கும், ஆளுங்க மூஞ்சியே செங்கல் மாதிரி. தலையைத் தூக்கி மேலே பார்க்கக்கூட முடியாது. புதுசுல சுவத்துல இருக்கிற பாசி தெரியுது, தூண்ல ஈரம் வழியுது, அண்ணாந்து பார்த்தா கூரையில விளக்கு ஆடுது. அதே ஹால்தான், ஆனா யாரோ நிஜமாவே குடியிருக்கிற மாதிரி ஆயிடுச்சு. எனக்கு இன்னும் பயம். இவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். இப்போ பாரு மாரின்னு உட்கார்ந்தார்.

காக்கிச் சட்டைக்காரன் இடது பக்கத்துலேர்ந்து வந்தான். இவர் திரும்பல.

புதுசுல எல்லாத்தையும் மாத்தி வச்சு ஏமாத்துறாங்க, பழசுதான் சரின்னு அதுக்குப் போனார். அதுல செத்ததும் இது தேஞ்சு போனதுன்னு இங்க வந்தார். ரெண்டையும் ஒரே மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு அதுலயும் இதுலயும் மாத்தி மாத்திப் போவார். எதையோ தொலைச்சுட்டு ரெண்டு வீட்டுலயும் தேடுற மாதிரி இருந்தது அவர் மூஞ்சி.

ஒருநாள் என் வாய் சும்மா இல்ல. இடது பக்கம் வருதுன்னு சொல்லிட்டேன். டக்குனு திரும்பிச் சுட்டார். காக்கிச் சட்டை விழுந்துட்டான். அவர் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுதா?"ன்னார். தெரியுதே, கண்ணுக்கு முன்னாடிதானே வர்றான்னேன். அப்புறம் ஸ்டூலை இழுத்துத் தன் இடது பக்கம் போட்டு, இங்க வந்து உட்காருன்னார்.

பக்கத்துல வந்து உட்காருன்னு அவர் என்கிட்ட அதுக்கு முன்னாடி சொன்னதே இல்லக்கா. உங்களுக்கு எப்படிச் சொல்றது. நல்லவர்தான், ஆனா பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். அந்த ஸ்டூல்ல உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குள்ள பேச்சே வந்தது. வருதும்பேன், திரும்புவார். கதவுக்குப் பின்னாடி ஒருத்தன்ம்பேன், சுடுவார். ரெண்டாவது ஹால் போனோம், மாடிக்குப் போனோம். சுவர் நகர நகர எனக்குத் தலை சுத்தும், பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்துட்டு வாயைத் துடைச்சிட்டு வந்து உட்காருவேன். சொன்னா எழுப்பி விட்டுடுவாரோன்னு சொல்லல.

அப்புறம்தான் வேன்ல கூப்பிட்டார். வீட்டுல சும்மாதானே இருக்கே, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வான்னார். முன் சீட்டு. நல்ல சேலையா எடுத்துக் கட்டிக்கிட்டு வந்தேன். நீங்க எல்லாரும் சந்தோஷப்பட்டீங்க. பொம்பளை ஒருத்தி கூட வர்றது பிள்ளைங்களுக்குப் பாதுகாப்புன்னு நீங்களே இந்தக் கேட்டுக்கிட்ட நின்னு சொன்னீங்க. பள்ளிக்கூடத்துலயும் பாராட்டினாங்க. ஆனா அவர், வண்டி கிளம்பினதும் மெதுவா என்கிட்ட, அங்க சொல்ற மாதிரியே சொல்லிட்டு வான்னார்.

மாடு வருது. சைக்கிள் வருது. ஸ்கூட்டி வருது, நில்லுங்க.

பின்னாடி பிள்ளைங்களுக்கு இது வேடிக்கை. ஆன்ட்டி ஆன்ட்டி நாய் வருதுன்னு அதுங்களும் கத்தும். முன்னே எல்லாம் வேன்ல பாட்டு போடுவார், இப்போ போடுறதில்லைன்னு வர்ஷி சொல்லியிருப்பாளே. பேசவும் விடுறதில்ல. மழை பெய்ஞ்சாலும் என் பக்கத்துக் கண்ணாடியை ஏத்த விட மாட்டார். சத்தம் கேட்கணுமாம். பங்களாவுலயும் அப்படித்தான், இடது காதைச் சாய்ச்சு வச்சுக்கிட்டுத்தான் நடப்பார்.

இருங்க, போன் அதிருது. அவர்தான். சத்தத்தை அமுக்கி வச்சிருக்கேன், பாருங்க, மடியில நடுங்குது. பாப்பா முழிச்சுக்கப் போறா.

எனக்கு எப்போ பயம் பிடிச்சதுன்னா, சோத்துலதான். தட்டுல இடது பக்கம் பொரியல் வைப்பேன். தொடாம எழுந்து போவார். ரெண்டு மூணு நாள் மனசு விட்டுப் போச்சு, என் கை ருசி பிடிக்கலையோன்னு. ஒருநாள் பாப்பா தட்டைப் பிடிச்சுத் திருப்பிட்டா, பொரியல் வலது பக்கம் வந்தது. "இன்னைக்கு அவரைக்காய் வச்சியா, சொல்லவேயில்ல"ன்னு சாப்பிட்டார். அப்புறம் கவனிச்சா நிலைப்படியில இடது தோளை இடிக்கிறார். பாப்பா இடது பக்கம் தவழ்ந்து வந்தப்போ விரலை மிதிச்சுட்டார். பாருங்க, இந்த நகம் இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. இவ அழுத பிறகுதான் இவ அங்க இருக்கிறதே அவருக்குத் தெரிஞ்சது. எங்க மாமியார் திருஷ்டின்னு உப்பும் மிளகாயும் சுத்திப் போட்டாங்க.

எனக்குத் தெரியும்க்கா. எல்லாம் அந்த பங்களா பண்ணினது. அந்தக் காக்கிச் சட்டைக்காரன் இடது பக்கமாவே வந்து வந்து, தினமும் அடிச்சு அடிச்சு, அந்தப் பக்கத்தையே இவர்கிட்டேர்ந்து பிடுங்கிக்கிட்டான். அங்க போறப்போ முழு ஆளாத்தான் போனார். வெளிய வந்தது பாதிதான். அதனால அவர் டீசல் போடப் போன நேரம் பார்த்து பழைய பொட்டியோட ஒயரை உருவி ஊருணியில போட்டுட்டு வந்தேன். லேப்டாப் அடுத்தவங்க பொருள், அதை அரிசி டிரம்முல அடியில வச்சு மூடிட்டேன். வந்து பார்த்தார். திட்டுவார்னு நின்னேன். ஒயர் இல்லாத பொட்டிக்கு முன்னாடி போய் உட்கார்ந்துட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இடது பக்கம் இன்னும் திரும்பி வரல. பிடிச்சது விட நாள் ஆகும் இல்லையா.

கண்ணா? இல்லக்கா, கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஊசியில நூல் கோர்த்துக் கொடுப்பார். தெரு முனையில நிக்கிற பஸ்ஸோட போர்டைப் படிப்பார். டிரைவர்களுக்குன்னு பள்ளிக்கூடத்துல கண் பரிசோதனை வச்சாங்களே, அந்த எழுத்து அட்டையில கடைசி வரி வரைக்கும் இவர் ஒருத்தர்தான் படிச்சார். டாக்டரே முதுகுல தட்டிக் கொடுத்தாராம். கண்ணு கெட்டவர் படிக்க முடியுமா? நேரா இருக்கிறது எல்லாம் தெரியுது. ஓரம்தான் இல்ல. அது கண்ணு இல்லக்கா, நான்தான் சொல்றேனே.

உங்க சித்தப்பாவுக்கும் அப்படியா? எழுத்தெல்லாம் படிச்சுக்கிட்டே இருந்தாரா? ஓரம் மட்டும் போறது ஒரு வியாதின்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களா? ... தெரியல. நீங்க படிச்சவங்க.

நேத்து சாயங்காலம் நடந்ததை வர்ஷி உங்ககிட்ட எப்படிச் சொன்னாளோ. தெப்பக்குளம் திருப்பத்துல பாப்பா என் மேலேயே கக்கிட்டா. துடைக்கக் குனிஞ்சேன். குனிஞ்சதுதான். பின்னாலேர்ந்து வர்ஷி, "அங்கிள், லெஃப்ட்ல சைக்கிள்"னு கத்தினா. பிரேக் போட்டார். பால்கார தாத்தா ஒருத்தர், அவர் சைக்கிள் ஹேண்டில் நம்ம வண்டியை உரசி, கேன் உருண்டு, ரோடெல்லாம் பால். அவருக்கு அடி இல்ல. சுவத்தோட ஒட்டிக்கிட்டு நின்னார். வாயைத் திறந்து திட்டக்கூட இல்ல, அப்படிப் பயந்துட்டார் மனுஷன். இவர் இறங்கல. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். கோபமா இல்ல, ரொம்ப மெதுவாத்தான் கேட்டார்.

"நீ சொல்லலையே மாரி."

ஆமா, சொல்லல.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அவரே ஒரு வழி சொன்னார். அந்த வர்ஷிப் பொண்ணுக்கு நல்ல கண்ணு, நாளையிலேர்ந்து அவ முன்னாடி உட்காரட்டும், நீ பின்னாடி போய் பாப்பாவைப் பார்த்துக்கோன்னார். பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளையாட்டு மாதிரி, பிடிக்கும்னார். நான் பாப்பாவைக் கழுவப் போன நேரம் அவகிட்டயே வண்டியில கேட்டுட்டாராம், அவளும் சரின்னாளாம். அதான் இன்னைக்கு ஷூவை அவளே போட்டுக்கிட்டு நிக்கிறா. பாருங்க, நான் சொல்றது அவளுக்குப் பிடிக்கல, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா.

ஏழு வயசுப் பிள்ளை. நாளைக்கு அவ ஜன்னல்ல ஏதாவது பட்டாம்பூச்சியைப் பார்த்துட்டா? அவகிட்டயும் இப்படித்தான் மெதுவா கேட்பாரா?

அதான் பாப்பாவுக்கு இருமல் மருந்து வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன். வர்ஷியை அனுப்பாதீங்கக்கா. காய்ச்சல்னு ஏதாவது சொல்லிடுங்க. வேற ஒண்ணும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, சொன்னா எல்லாரும் வேற வேன் பார்த்துக்குவாங்க, அந்த வண்டியை விட்டா எங்களுக்கு ஒண்ணும் இல்ல. வர்ஷி மட்டும் நின்னுட்டாப் போதும். நான் முன்னாடியே உட்கார்ந்துக்கிறேன். பாப்பாவை மாமியார்கிட்ட விட்டுட்டு, குனியாம, கண்ணு சிமிட்டாமப் பார்த்துச் சொல்வேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

மத்த பிள்ளைங்க.

ஆமா. மத்த பிள்ளைங்களும் இருக்கு. அந்த ரெட்டைப் பிள்ளைங்க, மளிகைக்கடைக்காரர் பையன். ராத்திரி முழுக்க வர்ஷி வர்ஷின்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன். என் கண்ணுலயும் ஓரம் இல்ல போலிருக்கு.

மறுபடி அதிருது. என்னைத்தான் தேடுறார், மணியாகுதே. நான் எழுந்து போனா வண்டி கிளம்பிடும்க்கா. அங்க போய் அவர் மூஞ்சியைப் பார்த்துட்டா ஏறி உட்கார்ந்துடுவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வராது. பேசாம இங்கேயே உட்கார்ந்திருக்கேன். அது எனக்கு வரும். நான் பக்கத்துல இல்லாம அவர் எடுக்க மாட்டார்னு நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். எடுத்துட்டார்னா என்ன பண்றது? தெரு முனையில சந்தைக்காரங்க இடது பக்கம்தான் கூடையை இறக்கி வச்சிருப்பாங்க.

போன் நின்னுடுச்சு.

ஏன்க்கா நின்னுடுச்சு? இவ்வளவு நேரம் விடாம அடிச்சுக்கிட்டு இருந்தாரே. டிவியை அமுக்குங்க கொஞ்சம். வர்ஷி, ஜன்னல்கிட்டப் போகாதே. நம்ம வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும், கியர் மாத்தும்போது இருமும். கேட்குதா உங்களுக்கு?

இல்ல. வண்டிச் சத்தம் இல்ல. செருப்புச் சத்தம்.

அவர் நடைதான். நடந்து வர்றார்க்கா. வண்டியை எடுக்கல, நடந்தே வந்திருக்கார். மருந்துக் கடையில விசாரிச்சிருப்பார். நீங்க போய்ப் பேசுங்க. உங்க மேல மரியாதை உண்டு அவருக்கு, நீங்க சொன்னா கேட்பார். அந்தச் சித்தப்பாவைப் பத்திச் சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரின்னாலும் வர்றோம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. மாரி பங்களாவைப் பத்தி உளறினாள்னு மட்டும் சொல்லாதீங்க.

கேட் திறக்குது.

ஐயோ, தொட்டி. உடைஞ்சுடுச்சாக்கா? வேற வாங்கி வச்சுடறோம். எதுல இடிச்சோம்னு தெரியாம நிப்பார், இப்போ திட்டாதீங்க. போங்கக்கா. நேரா வாசல்ல போய் நிக்காதீங்க, கொஞ்சம் சுத்திப் போய் அவருக்கு வலது பக்கமா நின்னு கூப்பிடுங்க. அங்க நின்னாத்தான் நீங்க இருக்கிறது அவருக்குத் தெரியும்.